மேலுதட்டில் ரவை தூவினாப்புல வெள்ளைப் புள்ளிகள் – வீட்டு வைத்தியம் ஏதாச்சும் இருக்கா?

நூல்கண்டு (ஞாயிறு, இரவு 10.50)

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா சும்மா படிச்சுட்டுப் போற ஆளு, எழுதுறது இப்பத்தான். எனக்கு 26 வயசு, திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். மேலுதட்டு ஓரத்துல ரவையைத் தூவி விட்டாப்புல சின்னச் சின்னப் புள்ளிங்க. சுத்த வெள்ளை இல்ல, லேசா மஞ்சள் கலந்த வெள்ளை. வலி இல்ல, அரிப்பு இல்ல, தண்ணி கோக்கல. வாயை மூடியிருந்தா தெரியாது. சிரிச்சா, இல்ல உதட்டை இழுத்துப் புடிச்சா பளிச்சுனு தெரியுது. காலேஜ் படிக்கிறப்பவே இருந்துச்சுன்னு நெனைக்கிறேன், அப்போ கண்டுக்கல.

இப்போ என்னன்னா, வைகாசியில நிச்சயம் வச்சிருக்காங்க. ரூம்மேட் உத்துப் பாத்துட்டு "இது ஹெர்பிஸ்டா, பொண்ணு வீட்டுல என்ன நெனைப்பாங்க"னு கொளுத்திப் போட்டுட்டான், வைரஸால வந்து மத்தவங்களுக்கும் ஒட்டற கொப்புள நோயாம் அது. அம்மா பல்லி மூத்திரம் பட்டிருக்கும்ங்கறாங்க. அத்தை உடம்புச் சூடுன்னு வெந்தயம் ஊற வெச்சுக் குடுக்குறாங்க. அக்கா வீட்டுல கைக்குழந்தை வேற இருக்கு, தூக்கிக் கொஞ்சவே பயமா இருக்கு. டாக்டர்கிட்டப் போறதுக்கு முன்னாடி வீட்டுலயே எதையாவது தடவிப் போக்க முடியுமா?

வாய்க்கால்மேட்டான்

ரொம்ப சிம்பிள் ப்ரோ. பச்சைப் பூண்டை நசுக்கி ராத்திரி அந்த இடத்துல வெச்சுட்டுப் படுங்க. எரியும், ஆனா எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம். பூண்டு ஆகலைன்னா ஆப்பிள் சிடர் வினிகரைப் பஞ்சுல தொட்டு ஒத்துங்க. யூடியூப்ல நிறையப் பேர் போட்டிருக்காங்க, கமெண்ட்ல எல்லாரும் போயிடுச்சுங்கறாங்க.

அரட்டை_அம்பி

எரிஞ்சா வேலை செய்யுதுன்னா மூஞ்சியத் தோசைக்கல்லுலயே வெச்சிடலாமே.

செவ்வந்தி62

கண்ணு, பூண்டெல்லாம் ஒதட்டுல வைக்காத. வெந்து போயிரும். பல்லி மேல பழியப் போடறது அந்தக் காலத்துல இருந்தே உண்டு, வாய்ப் பக்கத்துல எது வந்தாலும் பல்லி, பூச்சி, யாராவது கண்ணு வெச்சது. உன்ற அம்மாவத் தப்புச் சொல்லலை, எங்க மாமியாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. எனக்குத் தெரிஞ்சு அக்கின்னா எரிச்சல்ல ராத்திரி தூங்க முடியாது, கொப்புளம் கொத்தா வரும், குயவர் வீட்டுக்குப் போயி காவி எழுதிட்டு வருவோம். நீ சொல்றதுல எரிச்சலே இல்லையே. வெண்ணெய் தடவிட்டுச் சும்மா இரு. கொழந்தையக் கொஞ்சறதுக்கு முன்னால மட்டும் ஒரு டாக்டர்கிட்டக் காட்டிட்டு வந்துரு சாமி, பச்சக் கொழந்தை விசயம்.

பல்லும்_சொல்லும்

பல் மருத்துவம் முடிச்சு ஹவுஸ் சர்ஜன்சியில இருக்கேன். ஓ.பி.யில வாரத்துக்கு ஒருத்தராவது இந்தக் கேள்வியோட வர்றாங்க, பாதிப் பேர் கூகுள் பாத்து நடுங்கிப் போய்த்தான் வருவாங்க. நேர்ல பாக்காம இதுதான்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க எழுதியிருக்கற விதத்துல இது ஃபோர்டைஸ் புள்ளிகளாத்தான் இருக்கணும்.

நம்ம தோல்ல எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கு. வழக்கமா அது முடிக்காலோட ஒட்டிக்கிட்டு, அந்த ஓட்டை வழியா எண்ணெயை வெளிய விடும். உதட்டோட சிவந்த பகுதியில முடி கிடையாது. ஆனா பெரும்பாலான பேருக்கு அங்கேயும் சில சுரப்பிகள் முடி இல்லாமலே உக்காந்திருக்கும். உதட்டுத் தோல் ரொம்ப மெல்லிசு, அதனால அடியில இருக்கற சுரப்பி வெளிய மஞ்சளா மின்னுது. நோயும் இல்ல, கிருமியும் இல்ல. 1 முதல் 3 மில்லிமீட்டர் வரைக்கும் இருக்கும். மேலுதட்டு ஓரம், கன்னத்து உட்பக்கம், அந்தரங்க உறுப்புன்னு மூணு இடத்துலயும் வரலாம். பெரியவங்கள்ல 100-க்கு 70, 80 பேருக்கு எங்கேயாவது இருக்குன்னு பாடப் புத்தகமே சொல்லுது. பொறக்கறப்பவே இருக்கும். வயசுக்கு வர்றப்ப ஹார்மோனால சுரப்பி பெருத்து அப்புறம்தான் கண்ணுக்குத் தெரியும். அதான் காலேஜ் காலத்துல நீங்க பாத்தது. 1896-ல ஜான் அடிசன் ஃபோர்டைஸ்னு நியூயார்க் தோல் டாக்டர் ஒருத்தர் எழுதி வெச்சதால அவர் பேர்.

ரூம்மேட்டுக்குப் பதில்: ஹெர்பிஸ்னா வர்றதுக்கு முன்னாடியே அந்த இடம் சுருக்சுருக்குனு குத்தும், சூடா இருக்கும். அப்புறம் தண்ணி கோத்த கொப்புளம் கொத்தா வரும், உடைஞ்சு பொருக்குக் கட்டி ஒரு வாரம் பத்து நாள்ல ஆறிடும். காய்ச்சல் வந்தா ஒதட்டுல வருமே, ஊர்ல காய்ச்சப்புண்ணுன்னு சொல்றோமே, அது இதுதான் பெரும்பாலும். அது வரும், போகும். உங்களுது வருசக்கணக்கா அசையாம ஒரே இடத்துல இருக்கு. இன்னொன்னு, உதட்டு ஹெர்பிஸ் வந்தாக்கூட அது ஒழுக்கக் கேட்டுக்கு அடையாளம் இல்ல. 50 வயசுக்கு உட்பட்டவங்கள்ல மூணுல ரெண்டு பேர் உடம்புல அந்த வைரஸ் இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பெரும்பாலும் சின்ன வயசுல வீட்டுப் பெரியவங்க கொடுத்த முத்தத்துல வந்தது.

குழந்தை விசயத்துல செவ்வந்தி அம்மா சொன்னது ரொம்பச் சரி. கொப்புளம் இருக்கறப்ப பச்சைக் குழந்தையை யாரும் முத்தமிடக் கூடாது, அது உயிருக்கே ஆபத்தாகும். ஃபோர்டைஸ் புள்ளிக்கு அந்தப் பயமே வேண்டாம். தொட்டாலும் ஒட்டாது, எச்சில்லயும் ஒட்டாது.

நூல்கண்டு

மேடம், படிச்சுட்டுப் பெருமூச்சு விட்டேன். ஒரு சந்தேகம். கண்ணாடி முன்னாடி நின்னு ரெண்டு விரல்ல அமுக்கிப் பாத்தேன், பால்கட்டி மாதிரி ஏதோ லேசா வெளிய வந்துச்சு. அப்போ அது சீழ் இல்லையா? எல்லாத்தையும் அமுக்கி எடுத்துட்டா காலியாயிடாதா?

பல்லும்_சொல்லும்

அது சீழ் இல்ல, சுரப்பி உண்டாக்குற எண்ணெய்தான். எடுத்தீங்கன்னா சுரப்பி திரும்ப நிரப்பும், அதோட வேலையே அதுதானே. இதுக்கு மேல அமுக்காதீங்க. வாய்ல கிருமி ஏராளம், நகத்துல அதைவிட அதிகம். அமுக்கி அமுக்கி வீங்கிப்போய், அதுக்கு ஆன்டிபயாட்டிக் வாங்கச் சீட்டுக் கேட்டு வர்றவங்களைப் பாக்குறேன். வீங்காட்டியும் தழும்போ கருப்போ நின்னுடும். ஊசியால குத்தறதும் வேண்டாம்.

வாய்க்கால்மேட்டான்

நாட்டு வைத்தியம்னாலே இங்க எல்லாரும் நக்கல். எங்க பாட்டி மஞ்சளையும் பூண்டையும் வெச்சே எத்தனையோ குணப்படுத்தியிருக்காங்க. இங்கிலீஷ் மருந்துக் கம்பெனிக்குத்தான் இந்த மாதிரி ஆளுங்க வேலை பாக்குறாங்க.

பல்லும்_சொல்லும்

அண்ணா, நான் இவருக்கு ஒரு மருந்தும் எழுதலையே. எதுவும் வேண்டாம்னுதானே சொல்றேன், அதுல எந்தக் கம்பெனிக்கு லாபம்?

உங்க பாட்டி பூண்டு போட்ட கட்டி, தேமல், படை எல்லாம் கிருமியால வந்ததா இருக்கலாம். பூண்டுச் சாறுக்குக் கிருமியை அடக்கற குணம் உண்டு, அதை நான் மறுக்கல. இங்க அடக்கறதுக்குக் கிருமியே இல்ல. சுரப்பி தோலுக்கு அடியில இருக்கு. மேல எதைத் தடவினாலும் ஒண்ணு அது உள்ள போகாது, இல்ல மேல்தோலை வேக வெச்சுட்டுத்தான் போகும். நடுவுல வேற வழி கிடையாது.

இங்க பேசின ஒவ்வொண்ணையும் எடுத்துக்குவோம். பச்சைப் பூண்டைக் கட்டி வெச்சா தீக்காயம் மாதிரியே புண் வரும், தோல் மருத்துவ இதழ்கள்ல அப்படிப் பல கேஸ் பதிவாகியிருக்கு. ராத்திரி முழுக்க உதட்டுல வெச்சா காலையில உதடு தடிச்சு, தோல் வெள்ளையா உரிஞ்சு தொங்கும். வினிகர்ல ஏறக்குறைய 5 சதவீதம் அசிட்டிக் அமிலம். சாலட்டுக்கு ஒண்ணும் பண்ணாது, உதட்டுல பஞ்சு வெச்சு அரை மணி நேரம் பிடிச்சா அரிச்சுடும். எலுமிச்சை இன்னும் மோசம். சாறு பட்ட இடத்துல வெயில் பட்டா கருத்துப் போகும், அந்தக் கருப்பு போக மாசக்கணக்காகும். நம்ம ஊரு வெயில்ல எலுமிச்சம்பழத்தை மூஞ்சியில தேய்க்கச் சொல்றவங்க வெளிய போறதே இல்லையோ என்னவோ. டூத்பேஸ்ட்ல இருக்கற புதினாவும் நுரைப் பொருளும் உதட்டைச் சுத்தி சிவந்த தடிப்பைக் கொண்டுவரும். நுணுக்கின உப்பு, சர்க்கரை வெச்சு ஸ்க்ரப் பண்ணினா எரிச்சல்தான் மிச்சம்.

செவ்வந்தி62

எங்க ஊர்ல மச்சத்துக்கும் மருவுக்கும் சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் கொழைச்சு வெப்பாங்க. பக்கத்து வீட்டுப் பையன் ஒருத்தன் ஒதட்டு மேல இருந்த மருவுக்கு வெச்சுப் பெரிய பள்ளமாப் போச்சு, இப்பவும் அந்த எடத்துல மீசை மொளைக்காது. அதையும் எழுதுங்க டாக்டரம்மா, யாராவது வெச்சுரப் போறாங்க.

பல்லும்_சொல்லும்

ஆமாங்கம்மா, நல்ல வேளை ஞாபகப்படுத்தினீங்க. சுண்ணாம்பும் சோடாவும் சேந்தா தோலைக் கரைக்கற காரம், அதாவது ஆல்கலி. அமிலத்தை விடக் காரம் ஆழமா இறங்கும். ஆன்லைன்ல விக்கற "மரு நீக்கும்" நீர்மமும் பேனாவும் இதே சங்கதிதான்.

உங்க வெண்ணெயில குத்தம் இல்ல. தேங்காய் எண்ணெய், நெய், வாசலின் எதுவானாலும் சரி. புள்ளி போகாது, ஆனா உதடு காயாம வழவழன்னு இருந்தா புள்ளி அவ்வளவா கண்ணுக்குத் தட்டாது. நாக்கால உதட்டை நக்கிக்கிட்டே இருக்கற பழக்கம் இருந்தா அதை விட்டாலே பாதி உதட்டுப் பிரச்சினை தீந்துடும், இது பொதுவா சொல்றேன்.

மருந்துக்கடை_மாடி

ரெண்டு வார்த்தை நானும். கவுண்டர்ல வந்து "உதட்டுல வெள்ளையா இருக்கு, ஏதாச்சும் க்ரீம் குடுங்க"னு கேக்கறவங்க அதிகம். எங்க தொழில்ல சில பேர் உடனே ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்த ட்யூபை எடுத்து நீட்டிடறாங்க. முதல் வாரம் பளபளன்னு இருக்கும், சனங்களுக்கும் அதுதான் வேணும். போகப் போகத் தோல் மெலிஞ்சு ரத்தக் குழாய் தெரிய ஆரம்பிக்கும், வாயைச் சுத்திப் பரு கிளம்பும், நிறுத்தினா தீயா எரியும். 2018-ல தோல்ல போடற பல ஸ்டீராய்டு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு அட்டவணை எச்-ல சேத்தாங்க. சட்டம் இருக்கு, கவுண்டர்ல நடக்கறது வேற. ட்யூப் மேல பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன்னு இருந்தா ஸ்டீராய்டுன்னு தெரிஞ்சுக்குங்க. ஃபோர்டைஸ் புள்ளிக்கு அதுக்கு எந்த வேலையும் இல்ல.

சோடியம்லைட்

நான் இதை லேசர்ல எடுத்தவன். அதனால அந்தப் பக்கத்தையும் சொல்றேன்.

எனக்கு மேலுதடு முழுக்க வரிசையா, ரொம்ப நெருக்கமா இருந்துச்சு. ஃபோட்டோ ஸ்டூடியோவுல லைட்மேன் வேலை, நாள் பூரா கண்ணாடியும் வெளிச்சமும்தான். தோல் டாக்டர் முதல்ல "வேண்டாம், விட்டுடு"ன்னுதான் சொன்னார். நான் பிடிவாதமாக் கேட்டதுக்கப்புறம் கார்பன் டை ஆக்சைடு லேசர் பண்ணினார். மரத்துப் போற க்ரீம் தடவி உக்கார வெச்சாங்க, அது பத்தாதுன்னு ஊசியும் போட்டாங்க. உதட்டுல போடற ஊசிதான் முழு வைபவத்துலயும் கொடுமை. அப்புறம் டப் டப்னு ஒவ்வொரு புள்ளியாச் சுட்டுக்கிட்டே போனார், முடி கருகுற நாத்தம் மூக்குல ஏறுச்சு. வீட்டுக்கு வந்தா உதடு வீங்கி, அன்னிக்குச் சாப்பாடு ஸ்ட்ராவுலதான். அடுத்த வாரம் பொருக்கெல்லாம் உதிர்ந்துச்சு.

பலன்? சுட்ட இடத்துல பெரும்பாலானது போயிடுச்சு. ரெண்டு இடத்துல லேசாக் குழி விழுந்த மாதிரி இருக்கு, ஒரு ஓரம் கருத்து நிக்குது. பக்கத்துல முன்ன கண்ணுக்குத் தெரியாத சிலது இப்போ தெரியுது. சம்பளத்துல பாதி போச்சு. நம்ம மாதிரி மாநிறத் தோலுக்குக் கருப்பு விழற வாய்ப்பு அதிகம்னு டாக்டர் முன்னாடியே எழுதிக் கையெழுத்து வாங்கிட்டார். அதனால அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்ல. திரும்பச் செய்வேனான்னா, என் வேலைக்குச் செய்வேன். நிச்சயத்துக்கு நாள் குறிச்ச ஆளு இப்போ செஞ்சா, ஃபோட்டோவுல பொருக்கோடதான் நிப்பாரு.

நூல்கண்டு

கடைசி வரியைப் படிச்சதும் லேசர் ஆசை போயிடுச்சு அண்ணா. மாத்திரை இருக்குன்னு ஒரு இடத்துல போட்டிருந்தாங்களே?

மருந்துக்கடை_மாடி

ஐசோட்ரெட்டினாயினைச் சொல்றீங்க. கடுமையான பருவுக்குக் குடுக்கற மாத்திரை, எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்கும். அந்தக் கணக்குல ஃபோர்டைஸ் புள்ளியும் சிலருக்குக் குறையும். ஆனா மாத்திரையை நிறுத்தினா சுரப்பி பழைய நிலைக்கு வரப் பாக்கும். சாப்பிடற வரைக்கும் உதடு வெடிச்சு வறண்டு கிடக்கும், இது கிட்டத்தட்ட எல்லாருக்கும் வரும். அதாவது உதட்டு அழகுக்காக ஆரம்பிச்சு உதட்டையே கெடுத்துக்கறது. கல்லீரலுக்கும் கொழுப்புக்கும் ரத்தப் பரிசோதனை பாக்கணும். பொண்ணுங்களா இருந்தா சாப்பிடறப்பவும், நிறுத்தி ஒரு மாசம் வரைக்கும் கர்ப்பம் ஆகவே கூடாது, குழந்தைக்குக் கடுமையான ஊனம் வரும். இதை நண்பர்கிட்ட மிச்சம் இருந்துச்சுன்னு வாங்கிப் போடறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு வேண்டாம். சாப்பிட்டுக்கிட்டிருக்கறவங்க ரத்ததானமும் பண்ணக் கூடாது.

அரட்டை_அம்பி

ஆக மொத்தம் மூணு வழி. சுட்டுக்கறது, வறண்டு போறது, சும்மா இருக்கறது. நம்ம ஆளுங்களுக்குக் கடைசிதான் ரொம்பக் கஷ்டம்.

மல்லிகை_ப்ரைடல்

மதுரையில மணப்பெண் மேக்கப் பண்றேன். பொண்ணுங்களுக்கும் இது எக்கச்சக்கம் பேருக்கு இருக்கு, உக்கார வெச்சு லைட் போட்டா எனக்கு முதல்ல தெரியறது இதுதான். ஆனா பாதிப் பேருக்குத் தனக்கு இருக்குன்னே தெரியாது, நானும் வாயைத் திறக்க மாட்டேன். கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி சொன்னா புள்ளை தூங்குமா?

லிப் க்ளாஸ் போட்டா மேடு மேடாத் தெரியும், மினுமினுப்பு வெச்ச லிப்ஸ்டிக்கும் அப்படித்தான். முதல்ல லிப் பாம் தடவி ஊற விட்டு, டிஷ்யூவால ஒத்தி எடுத்துட்டு, கன்சீலரை விரல் நுனியால தட்டித் தட்டி ஓரத்துல வெச்சு, அதுக்கு மேல க்ரீம் வகை மேட் லிப்ஸ்டிக், அதாவது மினுக்காதது, போடுவேன். ரொம்பக் காஞ்ச லிக்விட் மேட் வேண்டாம், அது வெடிப்பையும் புள்ளியையும் சேத்துக் காட்டிக் குடுத்துரும். லிப் லைனரை நிஜ ஓரத்துக்கு ஒரு நூல் வெளிய இழுத்தா மேலுதட்டுப் புள்ளி உள்ளே மறைஞ்சிரும். நூல்கண்டு தம்பிக்கு லிப்ஸ்டிக் வேண்டாம், மீசையைக் கொஞ்சம் கீழே இறங்க விட்டா சோலி முடிஞ்சது.

ஒரு விசயம் மட்டும். லிப்ஸ்டிக் போடப் போட உதடு அரிக்குது, கருக்குதுன்னா புள்ளிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, அது லிப்ஸ்டிக் ஒத்துக்காம வர்றது. நிறுத்திட்டு டாக்டர்கிட்டக் காட்டணும்.

நூல்கண்டு

மீசை ஐடியா முன்னாடியே தோணாமப் போச்சே அக்கா.

நடுநிசி_நிலா

இதே இழையிலயே கேட்டுக்கறேன், தனியாத் தொடங்கல. எனக்கு வெள்ளை இல்ல, கருப்பு. கீழுதட்டுல இடது பக்கம் ஒரு கருஞ்சிவப்புத் திட்டு, கொத்தமல்லி விதை அளவுதான். மாசா மாசம் பீரியட்ஸ் சமயத்துல அந்த இடமே லேசா வீங்கி எரியும், சில நேரம் தோல் உரியும், அப்புறம் அடங்கிக் கருத்துப் போகும். ஒவ்வொரு தடவையும் போன தடவைய விடக் கருப்பு. அம்மா பித்தம்ங்கறாங்க. பியூட்டி பார்லர்ல பீட்ரூட் தேய்க்கச் சொன்னாங்க, தேய்ச்சுட்டுதான் இருக்கேன். இதுவும் ஃபோர்டைஸா?

பல்லும்_சொல்லும்

இல்லங்க, இது வேற கதை. ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க. பீரியட்ஸ் அப்போ வலிக்கு மாத்திரை போடுவீங்களா? என்ன மாத்திரை? அதே இடத்துலதானா எப்பவும், ஒரு தடவை கூட இடம் மாறலையா?

நடுநிசி_நிலா

இடம் மாறினதே இல்ல. மாத்திரை, ஆமா, முதல் நாள் வலி தாங்காம ஒண்ணு போடுவேன். வழக்கமா எல்லாரும் போடறதுதான், கடையில "பீரியட்ஸ் வலி மாத்திரை"ன்னு கேட்டாலே குடுப்பாங்க. அட்டையைத் தேடி எடுத்துப் பாத்தேன், மெஃபெனாமிக் ஆசிட், டைசைக்ளோமின்னு போட்டிருக்கு. இதுக்கும் உதட்டுக்கும் என்ன?

அரட்டை_அம்பி

இழை திடீர்னு துப்பறியும் கதையாகிடுச்சு. நான் பாப்கார்னோட உக்காந்துட்டேன்.

பல்லும்_சொல்லும்

அம்பி சார், கொஞ்சம் சும்மா இருங்க.

நிலா, மருந்து ஒவ்வாமையில ஒரு வகை இருக்கு. குறிப்பிட்ட ஒரு மருந்து உள்ளே போன சில மணி நேரத்துல, உடம்புல குறிப்பிட்ட அதே இடத்துல மட்டும் சிவந்து வீங்கும். மருந்து நின்னதும் அடங்கும், கருப்பு மட்டும் தங்கிடும். அடுத்த தடவை அதே மருந்துக்கு அதே இடம். அந்த இடத்துத் தோல்ல ஒரு வகை வெள்ளணுக்கள் போன தடவைய ஞாபகம் வெச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டு இருக்கறதுதான் காரணம். உதடு, கை, அந்தரங்க உறுப்பு இதெல்லாம் அது விரும்பி வர்ற இடம். வயித்துப்போக்குக்குக் குடுக்கற மெட்ரோனிடசால், டினிடசால் வகை, கோட்ரைமாக்சசால், டாக்சிசைக்ளின், வலி மாத்திரைகள் எல்லாத்துக்கும் இப்படி வந்திருக்கு. மெஃபெனாமிக் ஆசிடும் அந்தப் பட்டியல்ல உண்டு. பீரியட்ஸால வருதுன்னு நீங்க நெனைச்சது பீரியட்ஸுக்குப் போடற மாத்திரையால வர்றதா இருக்க வாய்ப்பு அதிகம். உறுதி பண்ண வேண்டியது தோல் டாக்டர். இதைச் சோதிச்சுப் பாக்கறேன்னு நீங்களே இன்னொரு மாத்திரை போட்டுப் பாக்காதீங்க. ஒவ்வொரு தடவையும் திட்டு பெருசாகலாம், புது இடத்துலயும் முளைக்கலாம்.

பீட்ரூட்டை நிறுத்துங்க. சாயம்தான் ஏறும்.

கரும்புக்காடு

எங்க அப்பாவுக்கும் கன்னத்து உள்ளே வெள்ளையா ஒரு திட்டு இருக்கு, உதட்டு ஓரம் வரைக்கும் வருது. வெத்தலையோட புகையிலை போடற பழக்கம் பல வருசமா உண்டு. அப்போ அதுவும் ஃபோர்டைஸ்தானே? வலி இல்லங்கறார். நெய் தடவச் சொல்லிடட்டுமா?

பல்லும்_சொல்லும்

நெய் தடவச் சொல்லாதீங்க, இந்த வாரமே கூட்டிட்டுப் போங்க. ஃபோர்டைஸ் தனித்தனிப் புள்ளியா இருக்கும், திட்டா இருக்காது. புகையிலை போடறவர் வாயில துடைச்சாலும் போகாத வெள்ளைத் திட்டு புற்றுநோய்க்கு முந்தின நிலையா இருக்கலாம், வலி இல்லங்கறது நல்ல செய்தியே இல்ல. வாய் முன்ன மாதிரி முழுசாத் திறக்குதா, காரம் பட்டா எரியுதான்னும் கேளுங்க. மாவட்டத் தலைமை மருத்துவமனையில பல் பிரிவு இருக்கும், அங்கேயே பாப்பாங்க, காசு கிடையாது. தேவைப்பட்டா ஒரு துளி சதை எடுத்து அனுப்புவாங்க. வாய்லயோ உதட்டுலயோ ரெண்டு வாரத்துக்கு மேல ஆறாத புண்ணு யாருக்கு இருந்தாலும் இதே பதில்தான்.

அப்படியே இன்னும் ரெண்டு சொல்லிடறேன், தனித்தனியா இன்பாக்ஸ்ல கேக்கறீங்க. கீழுதட்டு உட்பக்கம் நீலம் கலந்த, மெத்துனு இருக்கற கொப்புளம், கடிச்சுக்கிட்டதுக்கு அப்புறம் வந்துச்சுன்னா அது சின்ன உமிழ்நீர்க் குழாய் கிழிஞ்சு எச்சில் உள்ளேயே தேங்கி வர்றது. தானே உடையும், திரும்ப வரும், பல் டாக்டர் சின்னதா வெட்டி எடுப்பாங்க. சின்னக் குழந்தைக்கு உதட்டைச் சுத்தி, விரல் நுனியில எல்லாம் பழுப்புப் புள்ளி நிறைய வந்து, அடிக்கடி வயித்து வலியும் இருந்தா குழந்தை டாக்டர்கிட்டக் கட்டாயம் காட்டணும், குடல்ல சதை வளர்ச்சி இருக்கற பரம்பரைக் கோளாறா இருக்கலாம்.

கரும்புக்காடு

வியாழக்கிழமை கூட்டிட்டுப் போறேன். வர மாட்டேன்னு அடம் பிடிப்பார், பாப்போம்.

செவ்வந்தி62

பல்லு சுத்தம் பண்ணப் போலாம்னு சொல்லிக் கூட்டிட்டுப் போ கண்ணு. எங்க வூட்டுக்காரரை அப்படித்தான் கூட்டிட்டுப் போனேன்.

வாய்க்கால்மேட்டான்

சரி, பூண்டை வாபஸ் வாங்கறேன். தேங்காய் எண்ணெய்க்கு அனுமதி உண்டுல்ல?

பல்லும்_சொல்லும்

தாராளமா அண்ணா.

நூல்கண்டு

கோவை அரசு மருத்துவமனை தோல் ஓ.பி.யில காட்டிட்டு வந்துட்டேன். க்யூவுல நின்ன நேரத்துக்கும் டாக்டர் பாத்த நேரத்துக்கும் சம்பந்தமே இல்ல. உதட்டை விரல்ல இழுத்துப் பிடிச்சு டார்ச் அடிச்சுப் பாத்தாங்க, கன்னத்து உள்ளேயும் பாத்தாங்க. அங்கேயும் இருக்காம், எனக்கே தெரியாது. "ஃபோர்டைஸ், ஒண்ணும் வேண்டாம், அமுக்காதே"ன்னு சொல்லி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுட்டாங்க. சீட்டுல எழுதிக் குடுங்கன்னு கேட்டு வாங்கிட்டு வந்து ரூம்மேட் மூஞ்சியில காட்டினேன். அவனுக்கும் இருக்கு, அதே இடத்துல. ரெண்டு நாளா கண்ணாடி முன்னாடிதான் நிக்குறான்.

நடுநிசி_நிலா

நானும் தோல் டாக்டரைப் பாத்துட்டேன். பல்லும்_சொல்லும் சொன்னதேதான். அந்த மாத்திரை இனிமே கூடாதுன்னு சீட்டுல சிவப்பு மையில எழுதிக் குடுத்தாங்க. கருப்பு மெதுவாத்தான் மங்கும்னு சொல்லிட்டாங்க, வெயிலுக்கு எஸ்.பி.எஃப். இருக்கற பாம் போடச் சொன்னாங்க. வலிக்கு வேற மாத்திரை எழுதியிருக்காங்க. மருந்துக்கடை அண்ணா, கடையில போய் நான் எதைச் சொல்லித் தப்பிக்கணும்? ஒவ்வொரு கடையிலயும் ஒவ்வொரு அட்டையை நீட்டறாங்களே?

மருந்துக்கடை_மாடி

பெரிய எழுத்துல இருக்கற கம்பெனிப் பேரை நம்பாதீங்க. ஒரே மெஃபெனாமிக் ஆசிட் நூத்துக்கணக்கான பேர்ல வருது. தனியா வரும், டைசைக்ளோமினோட வரும், பாராசிட்டமாலோட சேந்து குழந்தைங்க காய்ச்சல் சிரப்பாக்கூட வரும். அட்டைக்குப் பின்னாடி சின்ன எழுத்துல இருக்கற மருந்துப் பேரைப் படிச்சுட்டுத்தான் காசு குடுக்கணும். வெட்டின அட்டையில அந்தப் பக்கம் கிழிஞ்சிருந்தா வாங்கவே வாங்காதீங்க, முழு அட்டையைக் காட்டச் சொல்லுங்க. 2023 கடைசியில இந்திய மருந்தியல் நூல் ஆணையம் இதே மருந்தைப் பத்தி ஒரு எச்சரிக்கை விட்டுச்சு. அது உங்களுக்கு வந்தது இல்ல, காய்ச்சலும் உடம்பு பூரா தடிப்பும் வர்ற வேற கடுமையான ஒவ்வாமை.

பல் டாக்டர், பிரசவ டாக்டர், அவசரப் பிரிவுன்னு எங்க போனாலும் வாயைத் திறந்ததும் முதல்ல இதைச் சொல்லுங்க. சிவப்பு மையில எழுதின சீட்டை ஃபோட்டோ எடுத்து ஃபோன்ல வெச்சுக்குங்க. வீட்டுக்காரங்க யாராவது ஒருத்தர் ஃபோன்லயும் இருக்கட்டும்.

நடுநிசி_நிலா

அம்மாவுக்கு அனுப்பிட்டேன் அண்ணா. பித்தம்தான்னு இன்னும் சொல்லிட்டுதான் இருக்காங்க, ஆனா அட்டையைத் தூக்கிக் குப்பையில போட்டது அவங்கதான்.